ரீனோவில் வழுக்கிய கதை

"பௌலிங் போட்டிக்குப் போறேன்" என்று ஊருக்குப் போன் பண்ணிச் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "ஃபாஸ்ட்டா, ஸ்பின்னா?"

"இது வேற பௌலிங்ப்பா. 60 அடி தள்ளி முக்கோணமா பத்துக் கட்டை நிக்கும். கனமான பந்தை உருட்டி அதைத் தள்ளணும்."

"தள்ளினப்புறம்?"

"மெஷின் திரும்ப நிறுத்தி வைக்கும்."

"அதுக்கு எதுக்குடா தள்ளணும்?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல எனக்கு ரீனோ வரை போய் வர வேண்டியிருந்தது.

கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிற ஆசாமி நான். புதன்கிழமை சாயங்காலம் ஆனால் ஆபீஸை மூட்டை கட்டிவிட்டு பௌலிங் கிளப். என் சராசரி 194. தொடர்ந்து 12 ஸ்ட்ரைக் அடித்தால் கிடைக்கும் உச்சபட்சம் 300 என்றால், 194 எங்கள் கிளப்பில் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம் ரகம். நானும் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

கிளப்பில் 74 வயதுப் பெரியவர் ஒருவர். ரிட்டயர்டு போஸ்ட்மேன். "எங்க டீம்ல ஒரு இடம் காலி. மே மாசம் ரீனோ வர்றியா தம்பி?" என்றார். (அவர் சொன்னது 'சன்'. நம்மூர்க் கணக்கில் தம்பிதான்.) ஏன் காலி என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

போட்டியின் பெயர் யு.எஸ்.பி.சி. ஓபன் சாம்பியன்ஷிப்ஸ். 1901-ல் சிகாகோவில் 41 டீம்களோடு தொடங்கியது. இதில் விசேஷம் என்னவென்றால், சங்கத்தில் உறுப்பினராகி நுழைவுக் கட்டணம் கட்டினால் போதும். டி.வி.யில் வருகிற புரொபஷனல்கள் ஆடும் அதே லேன்களில் நீங்களும் ஆடலாம். பணம் கட்டினால் நம்மை ரஞ்சி டிராபியில் ஆட விடுவார்களா? யோசித்துப் பாருங்கள்.

2023 மே மாதம் கிளம்பினோம். சுமார் 210 கிலோமீட்டர். சியரா நெவாடா மலையில் 7,000 அடிக்கு மேல் ஏறி டோனர் கணவாயைத் தாண்ட வேண்டும். மே மாதத்திலும் ரோட்டின் இரு பக்கமும் பனி. 1846-ல் வண்டி கட்டிக்கொண்டு வந்த டோனர் குழு இங்கேதான் பனியில் சிக்கிக்கொண்டது. அதில் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைக்கவில்லை. நான் ஹீட்டரைக் கூட்டி வைத்துக்கொண்டு, ஜெயித்தால் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரீனோ நெவாடா மாநிலத்தில் இருக்கிற சூதாட்ட ஊர். 'உலகின் மிகப் பெரிய சின்ன நகரம்' என்று தெருவின் குறுக்கே விளக்கு வளைவு வைத்துத் தனக்குத்தானே பட்டம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. கேசினோக்களுக்கு நடுவே வெள்ளி நிறத்தில் ஒரு ராட்சத உருண்டை தெரியும். அதுதான் நேஷனல் பௌலிங் ஸ்டேடியம். 1995-ல் திறந்தார்கள். அடுத்த வருஷமே 'கிங்பின்' என்ற ஹாலிவுட் படத்தில் தலைகாட்டிவிட்டது. உள்ளே ஒரே வரிசையில் 78 லேன். எங்கள் கிளப்பில் 24. நம்ம தெருமுனைப் பிள்ளையார் கோயிலே உலகம் என்று இருந்தவன் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

ஆட்டம் தொடங்கும் முன் எல்லா டீமும் நடு வழியில் அணிவகுத்து நடக்க வேண்டும். எங்கள் பெரியவருக்கு அது 50-வது போட்டி. 1973-லிருந்து, கொரோனாவால் ரத்தான 2020 நீங்கலாக, ஒரு வருஷம் விட்டதில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நினைவுப் பலகை கொடுத்தார்கள். வாங்கியவர் தன் பக்கத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அங்கே நான் நின்றுகொண்டிருந்தேன். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். லேன் மேல் மெல்லிசாக எண்ணெய் பூசுவார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. எண்ணெயில் பந்து வழுக்கும்; காய்ந்த இடத்தில் பிடித்துக்கொண்டு வளையும். உள்ளூர் கிளப்புகளில் நடுவில் நிறைய, ஓரத்தில் கொஞ்சம் என்று பூசுவது வழக்கம். கை தவறி ஓரமாக விட்டால், காய்ந்த இடம் பந்தைத் திருப்பி நடுவுக்கு அனுப்பும். உள்ளே விட்டால், எண்ணெய் நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நம் தப்பையெல்லாம் மேனேஜர் திருத்தித் திருத்தி அனுப்ப, 'நான்தான் எக்ஸ்பர்ட்' என்று நினைத்துக்கொள்வோமே, அதே கதை.

பெரிய போட்டிகளில் எண்ணெயைக் கிட்டத்தட்ட சமமாகப் பூசிவிடுவார்கள். மேனேஜர் லீவு!

முதல் பந்தை வழக்கம்போல் ஓரமாக வீசினேன். திரும்பி வரும் என்று ஸ்டைலாக நின்றேன். வரவில்லை. நேராகப் போய் கட்டர் என்கிற ஓரச் சாக்கடையில் விழுந்தது. அடுத்ததைக் கொஞ்சம் உள்ளே போட்டேன். நடுவைத் தாண்டி அந்தப் பக்கம் போய் இரண்டு கட்டையை உரசியது. முதல் கேம் 121. ஜெயித்தால் பேசவிருந்த பேச்சு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

இரண்டு லேன் தள்ளி ஒரு புரொபஷனல் ஆடிக்கொண்டிருந்தார். அவருக்கும் எல்லாம் ஸ்ட்ரைக் ஆகிவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் பிறகு அரை அடி நகர்ந்தார், பந்தை மாற்றினார், மிச்சம் நின்ற ஒற்றைக் கட்டையை மட்டும் விடவே இல்லை.

பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஸ்ட்ரைக்கை மறந்துடு. நிக்கிறதை எடு" என்றார். அவ்வளவுதான் கோச்சிங்.

இரண்டாவது கேம் 148. மூன்றாவதில் கடைசி ஃப்ரேம். ஒன்பது விழுந்து, வலது மூலையில் பத்தாம் நம்பர் பின் மட்டும் நின்றது. வலது கைக்காரர்களின் ஜென்ம விரோதி அது. இடது ஓரத்திலிருந்து குறுக்கே நேராக விட வேண்டும். கிளப்பில் நான் இதற்கெல்லாம் அலட்டிக்கொண்டதே இல்லை. இப்போது கை நடுங்கியது. மூச்சை இழுத்து, வளைக்காமல், வித்தை காட்டாமல் விட்டேன். 'டொக்' என்று விழுந்தது. கேம் 171.

பெரியவர் கை குலுக்கினார். விடவில்லை. "முப்பது வருஷம் உன் இடத்தில் ஆடினவன் என் சிநேகிதன். இந்தக் குளிர்காலத்துல போயிட்டான். அந்தப் பத்தாம் பின்னை எப்பவும் கோட்டை விடுவான்" என்று சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

மறுநாள் டபுள்ஸ், சிங்கிள்ஸ் எல்லாம் சேர்த்து ஒன்பது கேம், 1,399. சராசரி 155. என்னுடைய 194-ல் 39 எண்ணெயுடையது என்று கணக்கு எழுதுகிறவனுக்குக் கணக்குத் தெளிந்தது.

அடுத்த புதன்கிழமை கிளப்பில் கை தவறி ஓரமாக வீசினேன். பந்து சமர்த்தாகத் திரும்பி வந்து ஸ்ட்ரைக். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

2024-ல் போட்டி லாஸ் வேகாஸில். அதற்கும் பெரியவரோடு போனேன். சராசரி 161. அப்பாவுக்குப் போன் பண்ணினேன்.

"ஆறு கூடியிருக்குப்பா!"

"மெஷின் திரும்ப நிறுத்தி வெச்சுதா?"

"வெச்சுது."

"சரி, அப்ப அடுத்த வருஷமும் போயிட்டு வா" என்றார்.