ஏரிக்கரையில் ஒரு நெசவாளர் குடும்பம்

இத்தாலி நாட்டின் வடபால், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் கோமோ என்றோர் ஏரி உண்டு. புதுமணத் தம்பதியர் உலகெங்குமிருந்து நாடிச் செல்லும் இடம் அது. அவ்வேரிக்கரையிலுள்ள கோமோ நகர், நம் காஞ்சியைப் போலவே பட்டுக்குப் பேர் பெற்றது. அலெசாந்திரோ மன்சோனி 1827-இல் வெளியிட்ட 'மணம் பேசப்பட்டோர்' என்னும் பெரும் புதினம் அந்த ஏரிப்புறத்தில்தான் தொடங்குகிறது. அதன் தலைவன் ஒரு பட்டுத் தொழிலாளி. கொடியவன் ஒருவனின் மிரட்டலுக்கு அஞ்சிய பங்குக் குரு, திருமணத்தை நடத்திவைக்க மறுக்கிறார். காதலர் பிரிகின்றனர், பஞ்சத்தையும் கொள்ளைநோயையும் கடந்து மீண்டும் ஒன்று சேர்கின்றனர். மணமாகவிருப்போர் இந்நூலைப் படிக்கவேண்டுமெனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 மே 27 அன்று பரிந்துரைத்தார்.

அந்நூலில் இருவரைப் பிரித்தவன் வெளியாள். நம் பங்குக் குடும்பங்களிலோ, எவர் மிரட்டலும் இன்றி, ஒரே கூரையின்கீழ்த் தாமாகவே பிரிந்து வாழ்வோர் உண்டு. அத்தகைய குடும்பம் ஒன்றைப் பற்றி, அவர்தம் இசைவு பெற்றே இங்கு எழுதுகிறோம்.

ஏனாத்தூரில் வாழும் நெசவாளர் அவர். முப்பது ஆண்டுகளாகக் குழித்தறியில் பட்டு நெய்கிறார். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறம். ஒருவரால் மட்டும் நெய்ய இயலாது. தறியின் மறுபுறம் அமர்ந்து கரை நாடாவை வீசி உதவுபவர் அவர்தம் மனைவி. பிறர் வீட்டு மணப்பெண்களுக்கு எத்தனையோ பட்டு நெய்த அவ்வம்மையார், தம் திருமணத்தில் உடுத்தியது பருத்திப் புடவையே.

மகன் தறியில் அமர வேண்டுமென்பது தந்தையின் விருப்பம். தாயோ, தம் நகைகளைக் கணவரறியாமல் அடகு வைத்து மகனைத் தொழிற்கல்வி படிக்கவைத்தார். செய்தி வெளிப்பட்ட நாள் முதல், ஈராண்டுக் காலம், தறிக்கு வேண்டிய சொற்களைத் தவிர அவ்விருவரிடையே பேச்சில்லை. ஞாயிறு திருப்பலிக்கு ஒன்றாகவே வருவர். ஒரே வரிசையில் நற்கருணை வாங்குவர். வெளியார் எவரும் ஐயுற்றதில்லை.

மகன் வேலையில் அமர்ந்து, தவணையில் ஒரு கார் வாங்கினான். பெற்றோரின் முப்பதாம் மணநாளுக்கு அவர்களைக் கோடைக்கானலுக்கு அழைத்துச் செல்ல விரும்பி, "நீங்களும் வரவேண்டும் சாமி, இல்லாவிட்டால் அப்பா ஏறமாட்டார்" என்று நம்மை வேண்டினான். 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த இ-பாஸையும் அவனே பதிவு செய்தான். விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல் கடந்து, வத்தலக்குண்டிலிருந்து மலையேறினோம். முன்னிருக்கையில் தந்தை, பின்னிருக்கையில் தாய். வெள்ளி அருவி அருகே குளிர் தொடங்கவே, அம்மையார் தம்மிடமிருந்த சால்வையை மகன் வழியாகக் கணவருக்குக் கொடுத்தனுப்பினார். அவர் வாங்கிப் போர்த்திக்கொண்டார், ஒன்றும் கூறவில்லை.

கோடைக்கானல் ஏரி இயற்கையாய் அமைந்ததன்று. 1863-இல் மதுரை ஆட்சியராயிருந்த வேர் ஹென்றி லெவிஞ் என்பார் ஓடைநீரை அணையிட்டுத் தேக்கியதால் உருவானது. ஏறத்தாழ அறுபது ஏக்கர்ப் பரப்பு. விண்மீன் போன்ற வடிவம். மகன் மிதிபடகு ஒன்றுக்குச் சீட்டு வாங்கிப் பெற்றோரை அதில் அமர்த்தினான். அம்மையார் பதற்றத்தில் வேகமாய் மிதிக்க, படகு ஒருபுறமாய்ச் சுழன்றது. "மெதுவாக மிதி. தறி மாதிரிதான், என் காலைப் பார்த்து மிதி" என்று கணவர் கூறியது கரையிலிருந்த நமக்கும் கேட்டது. படகு நேராயிற்று. திரும்பி வர அவர்கள் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டனர்.

மாலையில், 1860-களில் எழுப்பப்பெற்ற சலேத் அன்னை ஆலயம் சென்றோம். 1846-இல் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்த்த இரு சிறாருக்கு, முகத்தைக் கைகளில் புதைத்து அழுபவளாய்க் காட்சி தந்த அன்னையின் பெயரால் அமைந்தது அது. அங்கே நெசவாளர் நம்மிடம், "நகை போனதற்காக இல்லை சாமி; என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே" என்றார். அருகிலிருந்த அம்மையார், "சொல்லியிருந்தால் சம்மதித்திருப்பீர்களா?" என்றார். நெடுநேரம் பேசாதிருந்த அவர், "மாட்டேன்" என்று உண்மையையே கூறினார். அம்மையார் அழுதார். நாம் இடைபுகாது வெளியே வந்து நின்றோம்.

எல்லாம் தீர்ந்துவிட்டதென்று கூற மாட்டோம். மகன் தறிக்குத் திரும்பவில்லை. நகை இன்னும் அடகிலேயே இருக்கிறது. ஆயினும் இன்று அவ்வீட்டில் சண்டை போடும் ஓசை கேட்கிறது. ஈராண்டு மௌனத்தினும் அது மேலானது.

அன்பார்ந்த பெற்றோரே, ஏரிக்கரை ஊர்கள் புதுமணத் தம்பதியருக்கே உரியவை என்று எண்ணாதீர்கள். திரளான மக்களிடையே உண்ணவும் நேரமின்றி உழைத்த சீடரை நம் ஆண்டவர் படகிலேற்றித் தனிமையான இடத்திற்கு அழைத்துச் சென்றாரன்றோ? பல்லாண்டு உழைத்துக் களைத்த இல்லறத்தாருக்கும் அவ்வழைப்பு உண்டு. கடன்பட்டுக் கோடைக்கானல் செல்லவேண்டுவதில்லை. தென்னேரிக் கரை நமக்கு அருகிலேயே உள்ளது. பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு மாலைப்பொழுது இருவரும் அங்கே சென்று அமருங்கள். சொல்லாமல் வைத்திருக்கும் ஒன்றை, கசப்பாயினும், அன்று சொல்லிவிடுங்கள்.