மேலே என்ன கோயில்?

கீழக்குயில்குடி அய்யனார் கோயில் ஆலமரத்தடியில் பூக்கட்டிக்கொண்டிருந்த பாட்டி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். காலை ஆறு மணி. தை மாதப் பனி தாமரைக் குளத்தின் மேல் இன்னும் கிடந்தது. ஒன்பது பெண்கள், தோளில் பை, தலையில் தொப்பி, பாதிப் பேர் காலில் ஷூ.

“மேல என்ன கோயில் இருக்கு?” என்றார்.

“கோயிலுக்கு இல்ல பாட்டி. மலை ஏறப் போறோம்.”

“அதான், எதுக்கு?”

எங்களில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் உண்டு. அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் தோழி உண்டு. தமிழில் முனைவர் பட்டம் வாங்கி இருபது ஆண்டுகளாகப் பேசியே பிழைக்கும் நானும் உண்டு. ஒருவருக்கும் பதில் வரவில்லை. கடைசியில் எங்கள் தெருவில் தையல்கடை வைத்திருக்கும் அக்காதான், “ஒரு வேண்டுதல் பாட்டி” என்றார்.

பாட்டியின் முகம் தெளிந்தது. “நல்லபடியா போயிட்டு வாங்க தாயி” என்று ஆளுக்கு ஒரு துண்டுப் பூ கிள்ளிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. பொய்க்குக் கிடைத்த பூவைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறத் தொடங்கினோம்.

இரண்டு நாளில் மூன்று மலை என்பது திட்டம். சனிக்கிழமை சமணர் மலை, ஞாயிறு விடியலில் யானைமலை, அன்று மாலை அரிட்டாபட்டி. முடித்துவிட்டு எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு நல்ல சாப்பாடு. பெரிய மலைகளில் ஏறிப் பழகியவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். மதுரையைச் சுற்றிப் பேருந்தில் போகிறவர்கள் தினமும் ஜன்னல் வழியாகப் பார்க்கிற குன்றுகள்தான். ஆனால் இந்த இரண்டு நாளைக் கண்டுபிடிக்க எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. ஒருத்தியின் மகளுக்குத் தேர்வு, இன்னொருத்தியின் மாமனாருக்குக் கண் அறுவைச் சிகிச்சை, அப்புறம் ஒரு சடங்கு, ஒரு வளைகாப்பு, ஒரு சாவு. நாள் குறித்த பிறகும் வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது வீடுகளிலும் மாவு அரைக்கப்பட்டது, இரண்டு நாளைக்குக் குழம்பு வைக்கப்பட்டது, மாத்திரைகள் வேளைவாரியாகப் பிரித்து வைக்கப்பட்டன. மலையைவிட வாசற்படி உயரம்.

தையல்கடை அக்கா வீட்டில் அழகர்கோயிலுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். இரவு தங்கி, காலையில் நூபுர கங்கையில் தீர்த்தமாடிவிட்டு வருவதாகக் கணக்கு. சாமி என்றால் மாமியாரால் மறுக்க முடியாது. செவிலியர் தோழி, பயிற்சி முகாம் என்று சொல்லியிருந்தாள். நான் சிரித்தேன். சிரித்தபிறகுதான் என் பையில் இருந்த குறிப்பேடு நினைவுக்கு வந்தது. “கல்வெட்டுக் களப்பணி” என்று சொல்லிவிட்டு நான் கிளம்பியிருந்தேன். என் வீட்டில் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் “சும்மா போறேன்” என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. அக்காவுக்கு அழகர் துணை நின்றார். எனக்கு என் முனைவர் பட்டம்.

பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம் வரும். பாறைச் சுவரில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அந்த எழுத்துகளில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. அச்சணந்தி என்ற சமண முனிவரின் தாயார் குணமதியார், அங்குள்ள ஒரு திருமேனியைச் செய்வித்தவர். மகன் பெயரைத் தொட்டுக்கொண்டுதான் அவர் பெயர் நிற்கிறது. இருந்தாலும் நிற்கிறது. கழுகுமலைக்குப் போனால் இன்னும் பார்க்கலாம். குரத்தியர் என்று அழைக்கப்பட்ட பெண் சமண ஆசிரியர்களின் பெயர்கள் அங்கே கல்லில் உண்டு. பெண்கள் மலையில் இருந்திருக்கிறார்கள், கற்பித்திருக்கிறார்கள். என் வகுப்பில் இதையெல்லாம் சொல்வேன். அன்றைக்குத்தான் மூச்சிரைக்க நின்று சொன்னேன்.

“மேல கோயில் இல்லாதது நல்லதாப் போச்சு மேடம்” என்றாள் என் பழைய மாணவி. அவளுக்கு அன்று மாதவிடாயின் முதல் நாள்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது வெறும் வேடிக்கை இல்லை. நம் ஊர்களில் மலை உச்சி என்றாலே சாமி. சாமி என்றால் பெண்ணுக்குத் தேதி பார்க்க வேண்டும். கேரளத்தின் அகத்தியர்கூடம் 1,868 மீட்டர் உயரம். அங்கே பெண்களை ஏற விடாததற்குச் சொல்லப்பட்ட காரணம், அகத்தியர் பிரம்மச்சாரி என்பது. லோபாமுத்திரையை மணந்த அகத்தியரைத்தான் புராணங்கள் சொல்கின்றன. தடை போடும்போது மனைவியையும் சேர்த்து அழித்துவிட்டார்கள். 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் வழிவிட்ட பிறகு, 2019 ஜனவரியில் தன்யா சனல் ஏறினார். ஒரு மலையில் நடக்க ஒரு பெண்ணுக்கு நீதிமன்றம் வேண்டியிருந்தது.

தலைமையாசிரியைக்கு வேறொரு சிக்கல். ஏறத் தொடங்கியதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. கேட்டால், “பழக்கம்மா” என்றார். கழிப்பறை இல்லாத பள்ளிகளிலும், இருந்தும் கதவில்லாத பள்ளிகளிலும் முப்பது ஆண்டு வேலை பார்த்த பழக்கம். செவிலியர் தோழிக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு பாறையிடுக்கில் இரண்டு துப்பட்டாக்களை விரித்துப் பிடித்து, “போங்க டீச்சர், நாங்க திரும்பி நிக்கிறோம்” என்றாள். வந்தபிறகு அவர் பாட்டிலை வாங்கிப் பாதித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக அந்தத் துப்பட்டாக்களுக்குப் பின்னால் போய்வந்தோம். எல்லோருமே அடக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறோம்.

மலையின் மேற்பரப்பில், மாதேவிப் பெரும்பள்ளியின் மிச்சத்தைத் தாண்டிப் போய் உட்கார்ந்தோம். வெயில் ஏறியிருந்தது. தூரத்தில் நாகமலை நீளமாகப் படுத்திருந்தது. தையல்கடை அக்கா அதன் ஒரு மடிப்பைக் காட்டி, “அங்கனதான் எங்க ஊரு” என்றார். ஏறும்போதே கவனித்தேன். செருப்பைக் கழற்றிப் பையில் போட்டு, சேலையை ஏத்திச் செருகி, ஷூ போட்ட எங்களையெல்லாம் முந்திப் போய்க்கொண்டிருந்தார்.

“ஆடு மேய்க்க அந்த மலை முழுக்க ஏறியிருக்கேன் டீச்சர். எந்தப் பாறைக்கடியில தண்ணி கிடக்கும், எங்க தேன் இருக்கும், எல்லாம் தெரியும். பெரியவளானேன். ஆட்டைத் தம்பிகிட்ட குடுத்துட்டாங்க. அதோட சரி. அப்பறம் மலையைப் பஸ்ஸுல இருந்துதான் பாக்குறது.”

அவருக்கு இப்போது ஐம்பத்தொன்று. வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, முகவரி சொல்வதுபோலச் சொன்னார். பாரி மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் ஒரே ஒரு பாட்டு இருக்கிறது. ஆண்டுதோறும் நடத்துகிறேன். தந்தையை இழந்த மகள்களின் கையறுநிலை என்று விளக்குவேன். தேர்விலும் அப்படித்தான் கேள்வி வரும். அவர்கள் தந்தையை மட்டும் இழக்கவில்லை, குன்றையும் இழந்தார்கள் என்பதைப் போகிற போக்கில் சொல்லிக் கடந்துவிடுவேன். பாரி மகளிரிடமிருந்து குன்றை எடுக்க மூன்று வேந்தர்கள் படையோடு வர வேண்டியிருந்தது. அக்காவிடமிருந்து எடுக்க வயதுக்கு வந்ததே போதுமாக இருந்தது.

அன்றிரவு ஒத்தக்கடையில் ஒரு தோழியின் வீட்டு மொட்டைமாடியில் பாய்விரித்துப் படுத்தோம். எதிரே யானைமலை இருட்டாகக் கிடந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் அதன் உச்சிக் குகையில் தமிழி எழுத்தில் பொறித்தவர்களும் அதை ‘இவகுன்றம்’, யானைக்குன்றம், என்றுதான் எழுதினார்கள். 2010இல் அதைக் குடைந்து சிற்ப நகரம் ஆக்கும் பேச்சு வந்து, ஊர்க்காரர்களின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. இல்லாவிட்டால் யானைக்குத் தும்பிக்கை இருந்திருக்காது.

விடியலில் அடிவாரத்தில் பைக்கோடு நின்ற இளைஞர் இருவர் அக்கறையாகவே கேட்டார்கள். “கூட யாரும் வரலையா?”

ஒன்பது பேர் வரிசையாக நின்றுகொண்டிருந்தோம்.

“வந்திருக்கோமே” என்றார் தலைமையாசிரியை.

யானைமலை செங்குத்து. அவருக்கு மூட்டுவலி. “எனக்காக நிக்காதீங்க” என்று நாலு தடவை சொன்னார். நாலு தடவையும் நின்றோம். அவரால்தான் எங்களுக்கும் மூச்சு வாங்க நேரம் கிடைத்தது என்பதை இறங்கியபிறகுதான் சொன்னோம்.

அரிட்டாபட்டிக்குப் பிற்பகலில் போனோம். ஏழு குன்றுகளின் ஊர். அதில் ஒன்றுக்கு ராமாயி மலை என்று பெயர். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், இதையும் உள்ளடக்கிய நிலப்பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை மக்கள் திரண்டு போனார்கள். அந்த மாதம் 23ஆம் தேதி ஏலம் ரத்தானது.

குடைவரைக் கோயில் பக்கம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் அந்தப் பேரணியில் நடந்தவர். “போராட்டம்னா எங்க வீட்டுல தடுக்கல. மலை போச்சுன்னா தண்ணி போயிரும்ல” என்றார். மேலே போனால் என்ன தெரியும் என்று அவரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “கல்யாணமாகி வந்து முப்பது வருசம் ஆச்சு. நான் மேல ஏறுனதில்லயே.”

“வாங்க மதினி, ஏறுவோம்” என்றார் தையல்கடை அக்கா.

மாட்டைக் கட்டிவிட்டு வந்தார். பாதி வரை எங்களோடு ஏறினார். ஒரு பாறையில் நின்று தன் வீட்டுக் கூரையையும் கண்மாயையும் மேலிருந்து பார்த்தார். “இம்புட்டுத் தண்ணியா கிடக்கு” என்றார். பால் கறக்க நேரமாகிவிட்டது என்று இறங்கிவிட்டார். அவர் காப்பாற்றிய மலையின் மறுபாதியை நாங்கள் ஏறினோம்.

இரவு மதுரையில் ஒரு கறிச் சாப்பாட்டு மெஸ். உள்ளே முழுக்க ஆண்கள். பரிமாறுகிற தம்பி எங்களைப் பார்த்ததும், “ஃபேமிலி ரூம் உள்ள இருக்கு” என்று ஒரு கண்ணாடிக் கதவைக் காட்டினார். “நாங்க ஃபேமிலி இல்ல தம்பி” என்று சொல்லிவிட்டு, செவிலியர் தோழி தோசைக்கல்லுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தாள். மூன்று மேசைகளைச் சேர்த்துப் போட்டார்கள். அயிரை மீன் குழம்பு, சுக்கா, ஒன்பது கறி தோசை.

கறி தோசை வார்ப்பதை அக்கா வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கனமான தோசை, மேலே முட்டை, அதன்மேல் கொத்துக்கறி, ஒரு திருப்பு. கல்லிலிருந்து நேராக இலைக்கு வந்தது. பிய்த்து வாயில் போட்டவர் சூடு தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டார். “இருபத்தாறு வருசமா தோசை சுடுறேன். இவ்வளவு சூடா நான் தின்னதே இல்ல” என்றார். யாரும் எதுவும் சொல்லவில்லை. எங்கள் வீடுகளிலும் கடைசித் தோசை எங்களுக்குத்தான். அதற்குள் அடுப்பும் அணைந்திருக்கும். ஆளுக்கு இரண்டு சாப்பிட்டோம்.

அப்போதுதான் அவருடைய கைபேசி அடித்தது. மாமியார். சாமி நன்றாகக் கும்பிட்டாயா, கோயில் தோசை வாங்கினாயா என்று கேட்டார். அழகர்கோயில் பிரசாதம் தோசைதான் என்பதை நாங்கள் எல்லோரும் மறந்திருந்தோம். விடிந்ததும் ஒருவர் போய் வாங்கிவரலாம், வழியில் பஸ் கெட்டுப்போனது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னோம். பொய்யில் நாங்கள் எல்லோருமே தேர்ந்தவர்கள்.

அக்கா கையை நக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பரிமாறுகிற தம்பியைக் கூப்பிட்டு, “ஒரு கறி தோசை பார்சல்” என்றார்.

மறுநாள் கடைக்குப் போய் என்ன ஆனது என்று விசாரித்தேன். “சாமி தோசை இல்ல அத்தை, கறி தோசை. கோயிலுக்குப் போகல, சும்மா மலை ஏறப் போனேன்னு சொன்னேன்.” மாமியார் வாங்கி வைத்துக்கொண்டு முழுதும் சாப்பிட்டிருக்கிறார். அதன்பிறகு இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் இரவு, விளக்கை அணைத்தபிறகு, “கால் வலிக்கலயாடி?” என்று கேட்டாராம். எழுபத்தாறு வயதான அந்த அம்மாள் பிறந்தது சிறுமலை அடிவாரத்தில் என்பது அன்றைக்குத்தான் அக்காவுக்குத் தெரிந்தது.

என் குறிப்பேட்டில் குணமதியார் பெயரும் ஒன்பது பேருக்கான சாப்பாட்டுக் கணக்கும் மட்டும் இருக்கின்றன. வீட்டில் களப்பணி எப்படி நடந்தது என்று கேட்டார்கள். நல்லபடியாக நடந்தது என்றேன். அக்கா ஒரு தோசையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னதை நான் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையைப் படித்துத்தான் அவர்கள் தெரிந்துகொள்ளப் போகிறார்கள்.