இரண்டு ரூமுக்கு எத்தனை ஆப்?

வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடிக்கு ஏறும் மலைப்பாதையில், ரோட்டை விட்டு அரை கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது அந்த மூன்றரை ஏக்கர் தோட்டம். காபி, மரத்துக்கு மரம் மிளகுக் கொடி, நடுவில் மலைவாழை, ஓரமாகக் கொஞ்சம் ஆரஞ்சு. வாழையில் முடிக்கொத்து நோய் வந்து இரண்டு வருஷம் கையைக் கடித்த பிறகுதான் ரூம் யோசனை வந்தது. பழைய வேலையாள் வீட்டைச் சீர்செய்து, பாத்ரூம் சேர்த்து, இரண்டு ரூம் ஆக்கினார்கள். செலவுக்கு அடகு போனது வீட்டம்மாவின் ஏழு பவுன்.

கோவையில் கல்லூரியில் படிக்கும் மகள் லீவுக்கு வந்தபோது போட்டோ எடுத்து, ஒரே ராத்திரியில் மூன்று புக்கிங் ஆப்பில் ஏற்றிவிட்டாள். தோட்டத்துக்காரருக்கு அதுவும் போதவில்லை. "இன்னும் ரெண்டுல போடு பாப்பா. கடை கூடக்கூடத்தானே ஆளு வரும்?" என்றார்.

ஆள் வரத்தான் செய்தார்கள். முதல் மூன்று மாதத்தில் சனி, ஞாயிறு காலியாக இருந்தது குறைவு. ஆனால் நகையை மீட்கப் பணம் சேரவில்லை. எங்கே போகிறது என்று வீட்டம்மா ஒரு நாள் நோட்டை எடுத்து உட்கார்ந்தார். அவர் போட்ட கணக்கை ரூம் கட்ட நினைக்கும் ஒவ்வொருவரும் ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

ரூம் வாடகை 2,500 ரூபாய். ஒரு ஆப்பில் 'சலுகையில் சேர்ந்தால் மேலே காட்டுவோம்' என்றதும் தோட்டத்துக்காரர் சேர்ந்துவிட்டார். 10 சதவீதம் தள்ளுபடி. அது நிறுவனத்தின் பையிலிருந்து போவதில்லை, நம் பையிலிருந்துதான். ஆக 2,250. அதில் 18 சதவீதம் கமிஷன், 405 ரூபாய். அந்தக் கமிஷனுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 73 ரூபாய். கைக்கு வந்தது 1,772. வந்து தங்கியவரோ ரூமுக்கான 5 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 2,362 கொடுத்திருக்கிறார். அவர் கொடுத்ததற்கும் இவர் வாங்கியதற்கும் நடுவில் 590 ரூபாய். இவர் வாங்கிய 1,772-லும் போர்வை துவைப்பு, காஸ், சாப்பாட்டுச் சாமான், உதவிக்கு வரும் பெண்ணின் கூலி என்று 700 ரூபாய் போய்விடுகிறது.

"ஒட்டன்சத்திரத்து மண்டியில பத்து சதவீதம் புடிக்கிறான்னு வருஷம் பூரா திட்டுறீங்க. இது என்னவாம்?" என்று கேட்டார் வீட்டம்மா. அவரிடம் பதில் இல்லை.

ஆனால் மண்டிக்காரர் சும்மா கமிஷன் வாங்குவதில்லை என்பதும் உண்மைதான். முகம் தெரியாத வியாபாரியைக் கொண்டுவருகிறார், பணத்துக்குப் பொறுப்பேற்கிறார். புக்கிங் ஆப்பும் அதையே செய்கிறது. சென்னையில் இருக்கும் ஒரு குடும்பம், பெயரே கேள்விப்படாத தோட்டத்துக்கு முன்பணம் கட்டுகிறது என்றால், அந்த நம்பிக்கை ஆப் கொடுத்தது. முதல் முறை வருகிறவருக்காகக் கமிஷன் கொடுக்கலாம். அதே ஆளுக்கு இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கொடுத்துக்கொண்டிருந்தால்தான் நஷ்டம்.

ஆப்புக்கு ஆப் முறையும் வேறு. ஏர்பிஎன்பியில் இரண்டு வழி உண்டு. ஒன்றில் வீட்டுக்காரரிடம் 3 சதவீதம் பிடித்து, மீதிக் கட்டணத்தைத் தங்க வருகிறவரிடம் வாங்குவார்கள். இன்னொன்றில் முழுக்க வீட்டுக்காரரிடமே 15.5 சதவீதம். உங்கள் கணக்கு எதில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு விலை போடுங்கள். விருந்தினர் வந்து சேர்ந்து சுமார் 24 மணி நேரம் கழித்துத்தான் பணத்தை அனுப்புவார்கள். புக்கிங் டாட் காம், மேக் மை ட்ரிப் போன்றவற்றில் ஒப்பந்தத்தைப் பொறுத்துக் கமிஷன். 15 சதவீதத்துக்குக் கீழே கிடைப்பது அரிது. சில ஒப்பந்தங்களில் 'வேறு எங்கும் இதைவிடக் குறைத்து விற்கக் கூடாது' என்று ஒரு வரி இருக்கும். இப்படிப்பட்ட நிபந்தனைக்காகவும் சேர்த்துத்தான் 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் ஒரு பெரிய புக்கிங் நிறுவனத்துக்கு அபராதம் விதித்தது. உரக் கடை பில்லைக்கூடப் படித்துப் பார்க்கிற நாம் இதைப் படிக்காமல் 'சம்மதம்' என்று தட்டிவிடுகிறோம். பான் எண் கொடுக்க மறந்தால் டி.டி.எஸ். 5 சதவீதம் வரை பிடித்துவிடுவார்கள், அதையும் கவனிக்க வேண்டும்.

பணக் கணக்கு இப்படி. அதைவிடப் பெரிய அடி பொங்கல் விடுமுறையில் விழுந்தது.

ஒரு ஆப்பில் ரூம் போனால் மற்ற ஆப்புகளின் கேலண்டரிலும் தானாக மூடும்படி இணைப்புக் கொடுக்கலாம். மகள் அதைச் செய்துதான் வைத்திருந்தாள். ஆனால் அது உடனுக்குடன் மாறாது, சில மணி நேரம்கூடப் பிடிக்கும். அந்த இடைவெளியில் ஒரே ரூமை இரண்டு குடும்பம் புக் செய்துவிட்டது. தோட்டத்தில் டவர் கிடைப்பது கிணற்று மேட்டில் மட்டும். போன் வீட்டுக்குள் கிடந்தது. இரண்டு காரும் ஒரே சாயங்காலம் வாசலில் வந்து நின்றபோது தெரிந்தது. ஒரு காரில் கைக்குழந்தை. தங்கள் படுக்கையறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் காபிக் கொட்டை மூட்டை அடுக்கிய அறையில் படுத்தார்கள். இந்த மலையில் காபிப் பழம் பறிப்பும் அந்த மாதத்தில்தான். பறிக்க வந்த ஆட்களைக் கவனிக்க ஆளில்லாமல், பழுத்தது இரண்டு நாள் செடியிலேயே நின்றது. விருந்தினர் கூட்டமும் அறுவடையும் ஒரே நாளில் வந்து மோதும் என்பதை ரூம் கட்டும்போது யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

மாசியில் ஐந்து இளைஞர்கள் வந்தார்கள். கேட்காமலே புக்கிங் உறுதியாகும் 'உடனடி' வசதி அந்த ஆப்பில் திறந்திருந்தது. 2 பேர் என்று போட்டு 5 பேர். ராத்திரி இரண்டு மணி வரை பாட்டு. அடுத்த வாரம் காபிக்குள் களை எடுத்த பெண்ணின் காலில் பாட்டில் சில்லு ஏறி, பட்டிவீரன்பட்டிக்குத் தூக்கிப்போய்த் தையல் போட வேண்டியதாயிற்று. பதினெட்டு வருஷமாக அந்தத் தோட்டத்தில் வேலை செய்கிற பெண். "பரவால்லக்கா" என்றுதான் சொன்னாள்.

வீட்டம்மா அன்று ரூம் இரண்டையும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "நகை மூழ்குனா மூழ்கட்டும்ங்க. யாரு வர்றான்னு தெரியாம இனிமே இந்தக் கதவு தொறக்காது."

ஒரு மாதம் சும்மா கிடந்தது. பிறகு மகள் வந்து அம்மாவோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசினாள். மூன்று ஆப்பில் ஒன்று மட்டும் நின்றது, அதிலும் ஒரு ரூம்தான். 'உடனடி' வசதியை மூடிவிட்டு, கேட்டுப் பதில் வந்த பிறகே உறுதியாகும்படி மாற்றினார்கள். எத்தனை பேர், யார் யார், எதற்காக வருகிறார்கள் என்று மூன்று கேள்வி. பதில் சொல்லச் சங்கடப்படுகிறவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். மார்கழி, தை இரண்டு மாதமும் பறிப்பு முடியும்வரை கேலண்டரில் கறுப்பு. வருமானம் போகிறதே என்று தோட்டத்துக்காரர் முனகினார். காபியை நேரத்துக்குப் பறிப்பதும் வருமானம்தான்.

இரண்டாவது ரூம் நேரடிக்கு. கூகுள் மேப்பில் தோட்டத்தின் பெயரைப் பதிந்தார்கள். அதற்குக் காசு கிடையாது, வீடியோ எடுத்து இடத்தைச் சரிபார்க்கக் காட்ட வேண்டியிருந்தது. கொஞ்சம் பொறுமை வேண்டிய வேலை, ஆனால் இன்று வரும் போன்களில் பாதி அந்த வழியாகத்தான். வாட்ஸ்அப் பிசினஸில் ரூம் படம், விலை, வரும் பாதை எல்லாம் ஒரே தட்டில் அனுப்பிவிடலாம். பாதிப் பணம் முன்னதாக யு.பி.ஐ.யில் வந்தால்தான் நோட்டில் பெயர் ஏறும். நேரடி வாடகை 2,100. வருகிறவருக்கு 260 ரூபாய் மிச்சம், இவர்களுக்கு ஆப்பைவிட 330 ரூபாய் கூடுதல். ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்துக்குள் இருப்பதால் நேரடிக்கு ஜி.எஸ்.டி. பதிவும் தேவைப்படவில்லை.

இதில் ஒரு எச்சரிக்கை. ஆப் வழியாகக் கேட்கிறவரிடம் 'அதை விடுங்கள், நேரடியாகப் பணம் அனுப்புங்கள்' என்று சொன்னால் விதிமீறல், கணக்கையே முடக்கிவிடுவார்கள். ஆப்பில் வந்த புக்கிங்கை ஆப்பிலேயே முடிப்பதுதான் நாணயமும். வெளிநாட்டுக்காரர் தங்கினால் எந்த வழியில் வந்திருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் ஏற்ற வேண்டும். ஹோம்ஸ்டே பதிவுக்கு மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. இவர்கள் பிறகு அலைந்தார்கள்.

யாரும் எதிர்பாராத வழி ஒன்று இருந்தது, காபித்தூள். வந்தவர்கள் காலையில் குடித்த காபியைக் கேட்டு வாங்கிப் போனார்கள். முதலில் பேப்பரில் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் வீட்டம்மா. இப்போது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எடுத்து, கால் கிலோ பாக்கெட்டில் தோட்டத்தின் பெயரும் போன் நம்பரும் அச்சடித்துக் கொடுக்கிறார். மிளகும் அப்படியே. அந்தப் பாக்கெட் ஒரு சமையலறை அலமாரியில் இரண்டு மாதம் இருக்கும். தீர்ந்ததும் போன் வரும். அந்த வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர் நம்பரைக் குறித்துக்கொள்வார். ஆப்பில் பணம் கட்டி மேலே வருவதைவிட இது நல்ல விளம்பரம். மெதுவாக நடக்கும், அவ்வளவுதான்.

ஏழு பவுனில் நாலு திரும்பி வந்திருக்கிறது. மீதி அடுத்த மிளகில் என்கிறார் தோட்டத்துக்காரர். ரூமை நம்பிச் சொல்வதில்லை.

போன வாரம் மதுரையிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். இரண்டு கிலோ தூள் வேண்டும் என்றவர், பேச்சோடு பேச்சாக ரூம் இருக்கிறதா என்று கேட்டார். பேரப் பிள்ளைகளோடு வரவேண்டுமாம். வீட்டம்மா சுவரில் தொங்கும் நோட்டைப் புரட்டினார்.

"இந்த வாரம் பறிப்பு இருக்கும்மா, என்னால பாத்துக்க முடியாது. பங்குனியில வாங்க. பூ மழை விழுந்துச்சுன்னா காபி பூத்துக் கெடக்கும், வாசம் ரோடு வரைக்கும் வரும். தேதி மட்டும் முன்னாடியே சொல்லிருங்க, எழுதி வச்சுக்கிறேன்."