என்ன ஜி.எஸ்.எம். வேணுமுங்க மாப்ள?

சாமளாபுரத்துக்குப் போகும்போது என் எடை 84 கிலோ. திரும்பி வந்தபோது 84 கிலோ 600 கிராம். அந்த 600 கிராம், மச்சான் வீட்டு அரிசிம்பருப்பு சோறும் நெய்யும்! இருந்தாலும் சொல்கிறேன்... எடை குறைக்கத் துடிக்கும் ஆபீஸ் ஆசாமிகள் ஒரு தடவை அந்த ஊருக்குப் போய் வரலாம்.

சோமனூரிலிருந்து மங்கலம் வழியாகத் திருப்பூர் போகிற ரோட்டில் இருக்கிறது ஊர். பல்லடம் தாலுகா. தெருவுக்குள் நுழைந்தாலே விசைத்தறிச் சத்தம். 'டயட்' என்று நான் சொன்னது மச்சான் காதில் 'ரேட்டு' என்றுதான் விழுந்தது. சத்தத்துக்குத் தப்பிக்க, நொய்யல் தண்ணீரால் நிறையும் குளம் இருக்கிறது. கொக்குகளைப் பார்த்தபடி காலையில் கரையில் நடந்தோம். கொக்குக்கு என்ன உடம்பு ஸார்! ஒரு கிராம் கொழுப்பு கிடையாது!

"எத்தனை கிலோவுக்கு இறங்கறதா உத்தேசமுங்க மாப்ள?" என்றார் மச்சான்.

"65."

"அதென்ன கணக்குங்க?"

கல்யாண போட்டோவில் நான் 65. பக்கத்து ஸீட் ஆசாமியும் 65. இதுதான் என் ஆராய்ச்சி!

மச்சான் சிரித்தார். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் துணி செக்கிங் பார்ப்பவர் அவர்.

"துணிக்கும் எடை உண்டுங்க. ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம்னு பார்த்தா அதுதான் ஜி.எஸ்.எம். 100 சதுர சென்டிமீட்டர் வட்டமா வெட்டி, தராசுல வெச்சு, நூறால பெருக்கினா வந்துரும். 180 வேணும்னு ஆர்டர் வரும். கரெக்டா 180 வராது. முன்னப்பின்ன அஞ்சு சதவீதம் விட்டுக் குடுப்பாங்க. ஈரக்காத்து அடிச்சாலே துணி எடை கூடிப் போகுமுங்க. அதுக்காகக் கிழிச்சா போடறோம்? அதெல்லாம் அப்புறம். துணி எதுக்குன்னு முதல்ல சொல்லோணும். வெயிலுக்கா, குளிருக்கா? உங்களுக்கு எதுக்குங்க?"

நடை நின்றுவிட்டது. வீட்டில்கூடச் சொல்லாததைச் சொன்னேன். சர்க்கரை வியாதியில் அப்பாவுக்குக் கால் விரல் போனது. போன மாதம் எனக்கும் ரிப்போர்ட் வந்தது. இன்னும் வியாதி இல்லை. எல்லைக்கோடு.

மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப போட்டோவைப் பார்க்காதீங்க. ரிப்போர்ட்டைப் பாருங்க" என்றார்.

நான் பி.காம். ஆச்சே! உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உயரம் 1.70 மீட்டர். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 29. நம் ஊர் உடம்புக்கு 23-ஐத் தொட்டாலே அதிகம், 25-ஐத் தொட்டால் பருமன் என்று 2009-ல் இந்திய நிபுணர்கள் வகுத்தார்கள். அந்தக் கணக்கில் நான் 66 கிலோவுக்கு வர வேண்டும். 18 கிலோ! நினைத்தாலே பசிக்கிறது.

ஆனால், 2002-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், என்னைப் போல எல்லைக்கோட்டில் நின்றவர்களுக்குக் கொடுத்த இலக்கு 7 சதவீதம்தான். கூடவே வாரம் 150 நிமிட நடை. சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. 2006-ல் சென்னை டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு வெளியிட்ட ஆய்வு இன்னும் விசேஷம். 531 பேர் கலந்துகொண்டார்கள். நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் வியாதி வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது! தராசு சும்மா இருந்தபோதும் உள்ளே வேலை நடந்திருக்கிறது.

84-ல் 7 சதவீதம், சுமார் 6 கிலோ. என் முதல் இலக்கு 78. அங்கே போய் டாக்டரைக் கேட்டு அடுத்த ஆர்டர். கூடவே இடுப்புக்கு டேப். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் எல்லை. எனக்கு 102. தினம் தினம் எடை பார்த்து அழுவதில்லை. வாரம் ஒரு நாள் போதும். முன்னப்பின்ன ஒரு கிலோ தள்ளுபடி.

தீர்மானத்தோடு வீட்டுக்கு வந்தால், இலையில் சூடாக ஒப்புட்டு!

"மச்சான்... 78!" என்று அலறினேன்.

"ஒண்ணே ஒண்ணு சாப்பிடுங்க மாப்ள. அஞ்சு சதவீதத்துக்குள்ளதான் வரும்!"