காட்சி என்னும் சொல்

மலைவளம் காணப் புறப்பட்ட மன்னன் ஒருவன் பிறர் துயரத்தைச் சுமந்துகொண்டு திரும்பிய கதைதான் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம். பெரியாற்றங்கரை மணலில் தங்கியிருந்த செங்குட்டுவனைக் காண, மலைபடு பொருள்களைத் தலையில் சுமந்து குன்றக் குறவர் வருகின்றனர். ஒரு முலை இழந்த பெண்ணொருத்தி வேங்கை நிழலில் நின்றதையும், வானவர் வந்து அழைத்துச் சென்றதையும் அவர்கள்தாம் சொல்கின்றனர். இப்பகுதியை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்திவரும் நாங்கள், அந்த மலையை அடிவாரத்திலிருந்து பார்த்ததோடு சரி. 2024 ஏப்ரல் 23, சித்திரைப் பௌர்ணமியன்றுதான் எங்கள் துறையினர் நால்வரும் மங்கலதேவி கண்ணகி கோட்டத்துக்கு ஏறினோம்.

தேனியிலிருந்து கம்பம், கூடலூர் வழியாக விடியுமுன் லோயர்கேம்ப் சேர்ந்தோம். மலைச்சரிவில் நான்கு பெருங்குழாய்கள் இருளில் கோடுகளாகத் தெரிந்தன. மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்க வேண்டிய பெரியாற்று நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, இக்குழாய்களில் இறங்கி மின்சாரமாகி, கம்பம் பள்ளத்தாக்கை நனைத்து, வைகையில் சேர்கிறது. 1886இல் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1887இல் தொடங்கிய அணை வேலை 1895இல் நிறைவுற்றது. அணையைக் கட்டிய பென்னிகுயிக்கிற்கு இங்கே மணிமண்டபம் உண்டு; 2013இல் திறக்கப்பட்டது. அவர் பிறந்த ஜனவரி 15ஆம் நாளில் இவ்வூர் உழவர்கள் அங்கே பொங்கல் வைக்கின்றனர்.

பளியன்குடியிலிருந்து ஆறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நடை. வனத்துறையும் காவல்துறையும் பைகளைச் சோதித்தே அனுப்பினர். கோட்டம் இரு மாநில எல்லையில், புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால், ஆண்டில் இந்த ஒரு நாள் மட்டுமே பகற்பொழுதில் வழிபாட்டுக்கு அனுமதி. குமுளியிலிருந்து ஜீப்பில் செல்லவும் பாதை உண்டு. நடந்தே ஏறுவதென்று நாங்கள் முன்பே முடிவு செய்திருந்தோம். ஒரு மணி நேரத்தில் அந்த வீறாப்பு அடங்கிவிட்டது.

மரங்கள் விலகி, பள்ளத்தாக்கு முழுவதும் புலப்பட்ட ஒரு திருப்பத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். தென்னந்தோப்புகள், திராட்சைப் பந்தல்கள், அவற்றுக்கிடையே அறுவடை முடிந்து வெறுமையாய்க் கிடந்த நெல்வயல்கள். முதல்போகத்துக்கு ஜூனில் தண்ணீர் திறக்கும்வரை அவை அப்படித்தான் கிடக்கும். பின்னால் வந்த கூடலூர்ப் பாட்டி ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார். முந்தானையில் வளையல்களை முடிந்திருந்தார்.

"வாத்தியாருகளா? மலையப் பாக்க வந்தீகளா, அவளப் பாக்க வந்தீகளா?"

"ரெண்டுந்தான் ஆத்தா."

"மலை எங்கே போயிரும்? இன்னைக்கு விட்டா, அவளப் பாக்க இன்னும் ஒரு வருசம் ஆகும்," என்று சொல்லிவிட்டு எங்களைத் தாண்டி ஏறிப் போனார். நாங்கள் கைப்பேசியைப் பைக்குள் வைத்தோம்.

1963இல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார், கண்ணகி நடந்த வழியைத் தாமும் நடந்து தேடிவந்து, இதுவே இளங்கோவடிகள் குறிப்பிட்ட இடம் என்று அறிவித்தார். நாங்கள் கண்டது சிதைந்த கற்சுவர்களையும் மக்கள் வரிசையையும் மஞ்சள் வாசத்தையும்தான். சிதைவைப் பார்க்கையில் மனம் கனத்தது. பாட்டிக்கு அந்தக் கவலை இல்லை. வளையல்களைப் படைத்துவிட்டு, மகளிடம் பேசுவதுபோல் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

இறங்கும்போதுதான் அந்தச் சொல் நினைவில் உறுத்தியது. குறவர் செங்குட்டுவனைக் காணும் பகுதியின் பெயர் காட்சிக் காதை. நடுகல்லுக்குத் தொல்காப்பியம் சொல்லும் துறைகளில் காட்சி முதலாவது; கால்கோள், நீர்ப்படை, நடுதல் எல்லாம் அதன் பின்னர் வருபவை. இறந்தவரை நிறுத்தி வைப்பதற்குரிய கல்லைத் தேடிக் காண்பதே அங்கே காட்சி. கண்ணுக்கு இனியதைப் பார்ப்பது என்னும் பொருளில் நாங்கள் அன்று காலையிலிருந்து புழங்கிவந்த சொல் அதுவே. இலக்கணத்தில் பலமுறை விளக்கியதை, கால் வலிக்க இறங்குகையில்தான் உணர்ந்தோம்.

மாலையில் மீண்டும் லோயர்கேம்பில் நின்றோம். அணை வேலையில் காய்ச்சலும் வெள்ளமும் கொண்டுபோன கூலியாட்கள் ஏராளம். மணிமண்டபத்தில் நன்றி சொல்லும் பள்ளத்தாக்கு நன்றியுள்ள பள்ளத்தாக்குதான், அதில் ஐயமில்லை. ஆயினும் மண்ணும் சுண்ணாம்பும் சுமந்து அந்தக் காட்டில் மடிந்தவர்களுக்கு யார் கல் தேடினார்கள்? குறவர் வந்து சொல்லியிராவிட்டால் கண்ணகிக்கும் கல் கிடைத்திராது. பார்த்தவர் சொல்லவும், சொன்னதை ஒருவன் நின்று கேட்கவும் வேண்டியிருக்கிறது.

அந்தக் கல்வியாண்டில் காட்சிக் காதையைத் தொடங்குமுன் மாணவர்களிடம் ஒன்று கேட்டோம்: உங்கள் ஊரில் பெயர் எழுதாத கல் ஏதேனும் உண்டா? சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அவர்கள் வயலுக்குப் போகும் வாய்க்கால் கரையில் ஒரு கல் இருக்கிறதாம். முதல் தண்ணீர் வரும் நாளில் அவள் பாட்டி அதற்கு மஞ்சள் பூசுவாராம். யாருடைய கல் என்று கேட்டோம். பாட்டியிடம் கேட்டு வருவதாகச் சொன்னாள்.