எண்பதில் நடுங்கிய ஸ்டியரிங்

2019-ல் திருச்சியிலிருந்து சென்னைக்கு எங்கள் பழைய மாருதி 800-ல் போனோம். விழுப்புரம் தாண்டி வேகம் 80-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கியது. 60-க்கு இறக்கினால் ஒன்றும் தெரியவில்லை. "என்னங்க, நடுங்குறது உங்க கையா, வண்டியா?" என்றாள் மனைவி.

சென்னையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் அலைன்மென்ட் செய்தார்கள். பயனில்லை. அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் கோணலாய்த் தேயும். நடுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. அது அப்போது எனக்குத் தெரியாது. பின் சீட்டில் பேத்தியோடு, 60-லேயே ஊர் திரும்பினோம்.

எங்கள் தெரு மெக்கானிக் பாய் மூன்றே கேள்வி கேட்டார். "ஆடுறது ஸ்டியரிங்கா, சீட்டா? பிரேக் போட்டா மட்டுமா, சும்மாவுமா? எந்த ஸ்பீடுல சார்?"

ஸ்டியரிங் ஆடினால் முன் சக்கரத்தைப் பார்க்கணும், சீட் ஆடினால் பின் சக்கரம், பிரேக்கில் மட்டும் ஆடினால் டிஸ்க் என்றார். முன் சக்கரங்களைப் பின்னால் மாற்றி மாட்டி ஓட்டிப் பார்த்தோம். ஸ்டியரிங் அடங்கியது, சீட் நடுங்கியது.

கழற்றி உருட்டினார். ஒரு டயரின் உட்பக்கம் எலுமிச்சை அளவுக்குப் புடைப்பு. ஏதோ பள்ளத்தில் இறங்கி உள்நூல் அறுந்திருக்கும் என்றார். அதே டயரில் 3211 என்ற எண்: 2011-ன் 32-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயவில்லையே என்று மாற்றாமல் விட்டது நான்தான்.

"இதுலயா சார் பேத்தியக் கூட்டிட்டு வந்தீங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. நான்கு டயரையும் மாற்றினேன். இப்போதும் ஊருக்குக் கிளம்புமுன் குனிந்து, உட்பக்கத்தைக் கையால் தடவிப் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள்.