மூன்று மாதம் நிற்கும் வண்டி

மாசி, வெள்ளி

தம்பியின் லைசென்சை மூன்று மாதத்துக்கு முடக்கி உத்தரவு வந்துவிட்டது. சித்தப்பா மகன், சொந்தமாகச் 'சின்ன யானை' என்கிற சிறு சரக்கு வண்டி வைத்து ஓட்டுகிறான். மிளகாய்ப் பழம் எடுக்கப் போகும் பெண்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நரிக்குடி ரோட்டில் வரும்போது அதிகாரிகள் மறித்திருக்கிறார்கள். "காசா வாங்குனேன்? சும்மாதானண்ணே ஏத்திட்டு வந்தேன்" என்கிறான். மத்திய மோட்டார் வாகன விதி 21-இல் அதற்கும் இடமில்லை. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றினால், வாடகைக்கானாலும் சும்மாவானாலும் குற்றம்தான்.

ஞாயிறு

30 நாளுக்குள் அப்பீல் போகலாம். போக வேண்டாம் என்றேன். இந்த மூன்று மாதக் கணக்கு சும்மா வந்ததல்ல. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கில்தான் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. குடித்துவிட்டு ஓட்டினாலோ, செல்போன் பேசிக்கொண்டு ஓட்டினாலோ, சரக்கு வண்டியில் ஆள் ஏற்றினாலோ குறைந்தது மூன்று மாதம் லைசென்சை முடக்கச் சொல்லி 2015-இல் மாநிலங்களுக்கு எழுதியது அந்தக் குழு. ஒடிந்த எலும்புகளை அன்றாடம் பார்த்த மனிதர் கேட்ட நியாயம் அது. எனக்கு அதில் மறுபேச்சில்லை.

பங்குனி

ராத்திரியில் ஓட்டினால் யாருக்குத் தெரியும் என்று அவனுக்கு யோசனை சொல்ல ஆள் இருக்கிறது. முடக்கக் காலத்தில் பிடிபட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. சாவியை அப்பத்தா வாங்கி முடிந்து வைத்துக்கொண்டது.

பழம் செடியிலேயே காய்கிறது. இன்று காலை அதே பெண்கள் வேறொரு சரக்கு வண்டியில், கம்பியைப் பிடித்து நின்றபடி போனார்கள். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த அக்காமார்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வைகாசி

கெடு முடிந்ததும் லைசென்ஸ் கார்டு தானாகக் கைக்கு வந்துவிடும் என்று நினைத்திருந்தான். 2019 திருத்தத்தின்படி, அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியில் புத்தாக்கப் பயிற்சியை முடித்தால்தான் திருப்பித் தருவார்கள். இதை உத்தரவு கொடுத்தவர்கள் முதல் நாளே எடுத்துச் சொல்லியிருந்தால், வண்டி நின்ற நாட்களிலேயே பள்ளியைத் தேடிப் பிடித்திருப்பான். அருப்புக்கோட்டைக்கு அலைந்து விசாரித்து, முடித்தான். கார்டு வந்துவிட்டது. இனி மூட்டை மட்டும்தான் ஏற்றுவேன் என்கிறான், நம்புகிறேன்.

ஆனால் அந்தப் பெண்கள் எதில் போவார்கள்? 2021 முதல் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. இருந்தென்ன, எங்கள் காட்டுப் பாதைக்கு விடியுமுன் பேருந்தே கிடையாது. அதிகாரிகளே, காலை ஐந்து மணிக்கு ஒரு மினி பஸ் விடுங்கள். அதுவரை, மிளகாய்க் காட்டுக்காரர்களே, சீட் உள்ள வேனாகப் பேசி அமர்த்துங்கள். அந்த வாடகையை அவர்கள் கூலியில் பிடிக்காதீர்கள்.